என் கதையின் வட்டிக்காரருக்கு அந்த முகம் இல்லை: கதைகளைப் படமாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

சிறுகதைகளையும் நாவல்களையும் திரைப்படங்களாகவும் இணையத் தொடர்களாகவும் எடுக்கும் இயக்குநர்களுக்கும், தயாரிப்பாளர்களுக்கும், ஒப்பனைக் கலைஞர்களுக்கும்,

சென்ற மாதம் ஒரு முன்திரையிடலில் என் சிறுகதையின் பட வடிவத்தைப் பார்த்தேன். நான்கு கதைகள் சேர்ந்த தொகுப்பில் ஒன்றாக அது விரைவில் இணையத்தில் வெளிவர இருக்கிறது. கதையில் வரும் வட்டிக்காரருக்குப் படத்தில் இடது புருவத்தில் தொடங்கித் தாடைவரை இறங்கும் ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது. ஒரு கண்ணில் வெள்ளை லென்ஸ் வைத்திருந்தார்கள். நடித்தவர் மாநிறமானவர், அவரை இரண்டு படி கறுப்பாக்கியிருந்தார்கள். கழுத்தில் விரல் கனத்துக்கு ஒரு சங்கிலி. ஜீப்பிலிருந்து குதித்து இறங்கி, கதவை உதைத்துத் திறந்து, தையல் இயந்திரத்தை எட்டி மிதித்து அவர் உறுமியபோது அரங்கின் பின்வரிசையில் விசில் பறந்தது. யாரும் பயப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா என் காதருகே குனிந்து, "இவன் யாரு?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த மூஞ்சியோட வந்திருந்தா உங்கப்பா இவன்கிட்ட கடன் வாங்கியிருப்பாரா?" என்றார்.

இந்த மடலில் நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். ஆனாலும், ஒப்பனை அறையில் இருப்பவர்களுக்கு அது எட்டவேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். படத்தை எடுத்த நிறுவனத்தின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. இந்தத் தவறு அவர்களோடு தொடங்கியதல்ல, அவர்களோடு முடியப்போவதும் இல்லை என்பதே அதற்குக் காரணம்.

1994இல் சாத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்காக 5,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கினார். முதல் மாத வட்டி 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 4,500 ரூபாயைக் கையில் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 18,000 ரூபாய் போயிருந்தது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கந்துவட்டியைக் குற்றமாக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் 2003இல்தான் வந்தது என்பதையும், வந்த பிறகும் ரன் வட்டி, மீட்டர் வட்டி போன்ற கொள்ளை வட்டிகள் எந்த ஊரில் நின்றுவிட்டன என்பதையும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வட்டி வாங்க வருபவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் அழைத்தது. மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, மூக்குக் கண்ணாடி. டிவிஎஸ் 50 வண்டியில் வருவார். தெருமுனையிலேயே என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வருவது அவர் வழக்கம். பிள்ளைகள் படிக்கிற நேரம், சத்தம் போடக்கூடாது என்பார். அதனால் அவர் வருவது எங்களுக்கு முன்கூட்டித் தெரிந்ததே இல்லை. வாசல் கல்லில் இரண்டு செருப்புகளைக் கழற்றி, அவற்றைச் சேர்த்து ஓரமாக நகர்த்தி வைக்கும் ஓசைதான் முதலில் கேட்கும். அந்த ஓசைக்கு என் அம்மாவின் கை நிற்கும். அடுப்பில் எது இருந்தாலும் அது அப்படியே இருக்கும்.

உள்ளே வந்ததும், "சாப்பிட்டாச்சா தங்கச்சி?" என்று கேட்பார். தண்ணீர் வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்து, செம்பைத் தானே கீழே வைப்பார். என் மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்ப்பார். "கணக்குல எழுபத்தெட்டா? நல்லாப் படிக்கணும் பாப்பா. பொம்பளப் பிள்ளை படிச்சாத்தான் வீடு நிமிரும்." பிறகு சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்ன டைரியை எடுப்பார். பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். அப்பா பணத்தைக் கொடுத்ததும் எண்ணிவிட்டு, அப்பாவின் கணக்கு நோட்டிலும் 'வரவு 500' என்று முத்துமுத்தான எழுத்தில் தானே எழுதிக் கொடுப்பார். கையெழுத்து மட்டும் போடமாட்டார். அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவர் குரலை உயர்த்தியதில்லை.

ஒரு மாதம் பணம் இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணாச்சி கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, மூலையில் இருந்த அம்மாவின் தையல் மெஷினைப் பார்த்தார். "மெஷின் நல்லா ஓடுதா தங்கச்சி?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். அம்மா, "ஓடுது அண்ணாச்சி" என்றார். அடுத்த வாரம் அந்த மூலை காலியாக இருந்தது. மெஷின் நின்ற இடத்தில் நான்கு கால்களின் தடம் மட்டும் சிமெண்டுத் தரையில் வெளுத்துக் கிடந்தது. எனக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. என் வீட்டில் யாராவது ஒரு பொருளைக் காட்டி, இது நன்றாக உழைக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்டால்கூட எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இதைத்தான் கதையாக எழுதினேன். படமாக்கும் உரிமையை வாங்கியவர்கள், பாத்திரங்களைப் பற்றி ஒரு குறிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். செருப்பு, செம்பு, ரப்பர் பேண்ட், வண்டியை உருட்டிவருவது என எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் கணக்கு நோட்டையும் கொடுத்தேன். சில வாரங்களில் லுக் டெஸ்ட் என்று ஒரு புகைப்படம் வந்தது. தழும்போடும் வெள்ளைக் கண்ணோடும் ஒருவர் அதில் நின்றிருந்தார். தவறாக எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன். தொலைபேசியில் கேட்டபோது ஓர் உதவி இயக்குநர் பொறுமையாக விளக்கினார்: "நீங்க எழுதின ஆளைக் காட்டினா கிளார்க் மாதிரி இருக்காரு மேடம். முதல் ஷாட்லயே இவன் வில்லன்னு ஆடியன்ஸுக்குத் தெரியணும்." அந்தத் தம்பி மரியாதையான பிள்ளை. தனக்குக் கற்பிக்கப்பட்டதைத்தான் சொன்னார். கற்பித்தவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஐயா, அம்மா, முதல் ஷாட்டிலேயே ஒருவர் தீயவர் என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு பார்வையாளர் பயப்படுவதற்கு என்ன மிச்சமிருக்கிறது? கந்துவட்டிக்காரருக்கு மூலதனம் பணம் மட்டுமன்று, நம்பகமான முகமும்தான். அந்த முகத்தைப் பார்த்துத்தான் என் அப்பா வெற்றுத்தாளில் கையெழுத்திட்டார். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் அந்த ஜீப் மனிதரிடம் தானாகப் போய்க் கடன் கேட்டார் என்று காட்டினால், அவர் ஏமாற்றப்பட்டவராகத் தெரியமாட்டார், அறிவில்லாதவராகத்தான் தெரிவார். நீங்கள் மாற்றியது வட்டிக்காரரின் தோற்றத்தை மட்டும் என்று நினைக்கிறீர்கள்; அதோடு சேர்த்து என் அப்பாவையும் மாற்றிவிட்டீர்கள். குற்றம் எப்படி நடந்தது என்ற கதையே கையைவிட்டுப் போய்விட்டது. என் அம்மா கேட்டது அதைத்தான்.

'மக்களே போல்வர் கயவர்' என்று கயமை அதிகாரத்தைத் தொடங்குகிறார் வள்ளுவர். 'அவரன்ன ஒப்பாரி யாங்கண்டது இல்' என்று அந்தக் குறளை முடிக்கிறார். இப்படி அச்சு அசலாக ஒத்திருக்கும் இரண்டு பொருள்களை நான் எங்கும் கண்டதில்லை என்கிற அந்த வியப்பில் கிண்டல் பாதி, நடுக்கம் பாதி. கயவரைத் தோற்றத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது என்பதே அவருக்கு முதலில் சொல்லத்தக்க செய்தியாக இருந்திருக்கிறது.

வணிகப் படத்துக்கு இது ஒத்துவராது என்று நீங்கள் சொல்லக்கூடும். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2003இல் வெளியிட்ட திரை வில்லன்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதல் ஐந்து இடங்களில் மூன்று, நாவலிலிருந்து வந்து, வரும் வழியில் தோற்றம் இயல்பாக்கப்பட்ட பாத்திரங்களுக்கு உரியவை. முதலிடத்தில் இருப்பவர் ஹானிபல் லெக்டர். தாமஸ் ஹாரிஸின் நாவலில் அவருக்கு இடது கையில் ஆறு விரல்கள். கண்கள் செந்நிறம் கலந்தவை. 1991இல் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' படமானபோது ஆறாம் விரலும் போயிற்று, கண்ணின் நிறமும் போயிற்று. ஆண்டனி ஹாப்கின்ஸ் கூண்டுக்குள் நேராக நின்று, விருந்தாளியை வரவேற்பவர்போலக் காலை வணக்கம் சொல்கிறார். பிற்பகுதியில் அவருக்கு வெள்ளை உடை வேண்டும் என்று கேட்டவர் ஹாப்கின்ஸ்தான். பல் மருத்துவர்களிடம் தமக்கிருந்த அச்சத்திலிருந்து அந்த யோசனை வந்தது. பயம் எங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பல் மருத்துவமனையில் நாற்காலியைச் சாய்த்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்த எவருக்கும் அந்த வெள்ளை தெரியும்.

இரண்டாமிடம் 'சைக்கோ'வின் நார்மன் பேட்ஸ். ராபர்ட் பிளாக் 1959இல் எழுதிய நாவலில் அவர் நாற்பது வயதுக்காரர், பருத்த உடல், மூக்குக் கண்ணாடி. ஹிட்ச்காக் மறு ஆண்டே அதைப் படமாக்கியபோது ஆண்டனி பெர்கின்ஸைத் தேர்ந்தார்: ஒல்லியான, அழகான, பேசும்போது தடுமாறும் இளைஞர். மழையில் நனைந்து வந்த பெண்ணுக்கு அவர் சாண்ட்விச்சும் பாலும் கொண்டுவந்து கொடுக்கிறார். இப்படி ஒரு பிள்ளையாக இருந்ததால்தான் அந்தப் பெண் அங்கே இரவு தங்கினாள். பார்க்கிற நாமும் அவளோடு தங்கினோம். ஐந்தாமிடத்தில் இருக்கும் செவிலியர் ராட்செட் எனக்கு இன்னும் நெருக்கமானவர். கென் கேசியின் 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' நாவலில் கதைசொல்லி மனநலம் குன்றியவர் என்பதால், கோபம் வரும்போது அந்தச் செவிலியர் டிராக்டர் அளவுக்கு ஊதிப் பெருப்பதாக அவருக்குத் தெரிகிறது. 1975இல் வந்த படத்தில் அந்த மாயக்காட்சி இல்லை. லூயிஸ் ஃபிளெட்சர் சலவை செய்த வெள்ளைச் சீருடையில், தாழ்ந்த குரலில், நோயாளிகளிடம் விதிமுறைகளை எடுத்துச் சொல்கிறார். அவ்வளவுதான். அவர் ஒவ்வொரு முறை மெல்லப் புன்னகைக்கும்போதும் எங்கள் வீட்டுத் தையல் மெஷினின் மூலை எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆஸ்கர் விருது கொடுத்தவர்களுக்கும் ஏதோ ஒரு மூலை நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பெல்ஜிய மனநல மருத்துவர்கள் இருவர் 400 படங்களைப் பார்த்து, அவற்றில் மனச்சாட்சியற்ற குற்றவாளிகளாகச் சித்திரிக்கப்பட்ட 126 பாத்திரங்களை ஆராய்ந்து, 2014இல் தடய அறிவியல் இதழொன்றில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மருத்துவ நோக்கில் உண்மைக்கு மிக நெருங்கியவர்களுள் ஒருவராக அவர்கள் குறிப்பிட்டது, கார்மக் மெக்கார்த்தியின் 'நோ கண்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' நாவலைக் கோயன் சகோதரர்கள் 2007இல் படமாக்கியபோது ஹாவியர் பார்டெம் நடித்த ஆன்டன் சிகுர் என்ற கொலைகாரனை. அவன் முகத்தில் தழும்பு எதுவும் இல்லை. பொருந்தாத ஒரு தலைமுடி வெட்டு மட்டும் உண்டு. அதுவும் 1979இல் எடுக்கப்பட்ட ஒரு பழைய புகைப்படத்தில் இருந்த, யாரென்று தெரியாத ஒரு மனிதருடையது. உலகில் உண்மையில் ஒருவர் அப்படித் தலை சீவிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஒப்பனைக் கலைஞர்களே, உங்கள் கலையை நான் குறைத்துப் பேசவில்லை. தேடி எடுத்த அந்தத் தலைமுடிதான் ஒப்பனை. எந்தப் படத்துக்கும் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டக்கூடிய ரப்பர்த் தழும்புக்கு அவ்வளவு உழைப்பு தேவைப்படுவதில்லை.

நம் ஊரில் இதற்கு முன்னோடி இல்லை என்றும் சொல்லமுடியாது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கருவை எடுத்துக்கொண்டு மகேந்திரன் 1979இல் செய்த 'உதிரிப்பூக்க'ளில் விஜயன் நடித்த சுந்தரவடிவேலுவைப் பாருங்கள். நோயாளி மனைவியின் தங்கையையே தனக்கு இரண்டாம் தாரமாகக் கேட்பவன் அவன். ஊருக்குப் பெரிய மனிதன். அவன் பேசும்போது நமக்குக் காது கூசுவது அவன் கத்துவதால் அன்று. கோவையில் ஆட்டோ ஓட்டிவந்த மு. சந்திரகுமார் குண்டூரில் தாம் பட்ட காவல் சித்திரவதையை 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் அதை 'விசாரணை'யாக எடுத்தார். அந்தக் காவலர்கள் அடிப்பதை அன்றைய அலுவலாகச் செய்கிறார்கள். அவர்களைப் போன்றவர்களை எந்தப் பேருந்து நிலையத்திலும் தேநீர் கிளாசோடு பார்க்கலாம். படம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்து நிலையத்தைக் கடக்கவேண்டியிருந்தது என்பதே எனக்கு அந்தப் படத்தின் மிகப் பெரிய பயமாக இருந்தது.

மறுபக்கத்துக்கும் நம்மிடம் எடுத்துக்காட்டு இருக்கிறது. மிகச் சிறந்த படம் என்பதாலேயே அதைச் சொல்கிறேன். ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலில் உடல் குறைபாடுள்ள மனிதர்களை 'உருப்படி'கள் என்று கணக்கிட்டு, பிச்சையெடுக்க வைத்து, விற்று வாங்கும் போத்திவேலு பண்டாரம் ஒரு பக்திமான். மகள்களுக்கு எப்படிக் கல்யாணம் செய்து வைப்பது என்று கலங்கும் தகப்பன். அவருடைய வீட்டுக் கவலையில் நாம் மனம் இளகுகிறோம். இளகிய அடுத்த நொடியில் நாம் யாருக்காக இளகினோம் என்பது உறைக்கிறது. அந்த உறைப்புதான் நாவல். பாலா அதை 2009இல் 'நான் கடவு'ளாக ஆக்கியபோது பண்டாரத்தின் இடத்துக்குத் தாண்டவன் வந்தான். ராஜேந்திரன் அந்த வேடத்தில் மிரட்டினார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. படத்தின் ஒப்பனைக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் தாண்டவனை நாம் முதல் பார்வையிலேயே வெறுத்துவிடுகிறோம், வெறுத்ததும் நமக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடுகிறது. படத்தில் தாண்டவனைக் கொல்வதற்கு ஒருவர் வருகிறார். பண்டாரத்தை அப்படி யாரும் கொன்றுவிட முடியாது, அவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அதே ராஜேந்திரனின் அதே மொட்டைத் தலையைப் பார்த்துப் பின்னாளில் குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒரு சண்டைக் காட்சிக்காக ரசாயனம் கலந்த நீரில் குதித்ததில் முடி போயிற்று என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தொழிலில் பட்ட காயத்தை நாம் முதலில் கொடூரத்தின் அடையாளமாகவும், பிறகு நகைச்சுவையாகவும் பார்த்தோம். அந்தத் தலைக்கு இரண்டோடும் தொடர்பில்லை.

தெருக்கூத்தில் துரியோதனனுக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் முகமெழுத்தும் இல்லையா என்று கேட்காதீர்கள். கூத்தில் நல்லவனுக்கும் அரிதாரம் உண்டு. அங்கே எல்லா முகமும் எழுதப்பட்ட முகம். தந்தையின் முகத்தைக் கேமரா முன் வியர்வையோடு விட்டுவிட்டு, வில்லன் முகத்துக்கு மட்டும் ரப்பர் ஒட்டுவது கூத்தின் இலக்கணம் ஆகாது.

இனி நான் சொல்லப்போவது பயத்தைப் பற்றியதன்று. இதைச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்கே பொருளில்லை.

என் கதையில் முகத்தில் தழும்புள்ளவர் ஒருவர் உண்டு. அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். நாங்கள் மாமா என்போம். இளம் வயதில் பட்டறையில் கேஸ் பற்றிக்கொண்டதில் அவருடைய இடது கன்னம் வெந்துபோயிற்று. அந்தக் கண்ணின் இமை சரியாக மூடாது. தூங்கும்போதும் ஒரு கீற்றளவு திறந்திருக்கும். அண்ணாச்சியின் அசலை அடைக்க வட்டியில்லாமல் பணம் கொடுத்தவர் அவர். எங்கிருந்தோ ஒரு பழைய தையல் மெஷினை வாங்கி, அதன் உடைந்த காலுக்குத் தானே பற்றுவைத்து, தோளில் தூக்கிக்கொண்டு வந்து அந்த வெளுத்த நான்கு தடங்களின் மேல் சரியாகப் பொருத்தி வைத்தவரும் அவர்தான். கதை அச்சானபோது அவருக்கு வாசித்துக் காட்டினேன். "என் மூஞ்சியையும் எழுதிட்டியா?" என்று சிரித்தார். பக்கத்தை வாங்கி, தன்னைப் பற்றிய பத்தியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

படத்தில் மாமா பாத்திரத்துக்குச் சிவந்த நிறமுள்ள ஓர் இளைஞரை வைத்திருக்கிறார்கள். கன்னம் மழமழவென்று இருக்கிறது. அவரிடமிருந்த தழும்பை எடுத்து, அதே இடது பக்கத்தில், வட்டிக்காரருக்கு ஒட்டிவிட்டார்கள். யாரும் வன்மத்தோடு செய்திருக்கமாட்டார்கள். கதையைப் படித்த எவருக்கோ தழும்பு என்ற சொல் நினைவில் நின்றிருக்கிறது. அது யாருடையது என்பது நிற்கவில்லை. தழும்பு என்றால் வில்லனுக்குத்தான் இருக்கவேண்டும் என்று கை தானாகப் போயிருக்கிறது. அப்படித் தானாகப் போகும் கை பல்லாண்டுப் பழக்கத்தின் விளைவு. ஊருக்கு வரும் பிள்ளைகள் மாமாவை முதன்முதலாகப் பார்க்கும்போது தாயின் பின்னால் ஒளிவதை நான் சிறு வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் தழும்புக்குப் பயப்படுவதை எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று உங்களைத் தவிர யாரிடம் கேட்பது?

கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்ததால் மாமா முன்திரையிடலுக்கு வரவில்லை. மறுநாள் தொலைபேசியில், "படத்துல என் மூஞ்சி வருதா?" என்று கேட்டார். வருகிறது, வேறொருவருக்கு. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "படம் வந்ததும் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இந்தச் சிக்கலை மற்ற நாட்டுத் திரைத்துறைகள் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டன. முகத்தில் மாறுபாடுள்ளவர்களுக்காகப் பணியாற்றும் சேஞ்சிங் ஃபேசஸ் என்ற அமைப்பு 'நான் உங்கள் வில்லன் அல்ல' என்று முழங்கியதை ஏற்று, முகத் தழும்பை வில்லத்தனத்தின் குறியாகக் காட்டும் படங்களுக்கு நிதி தருவதில்லை என்று பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2018இல் அறிவித்தது. ரோல்ட் டாலின் சூனியக்காரிகள் கதை 2020இல் மீண்டும் படமானபோது, நூலில் பூனை நகங்களாக இருந்தவற்றை விரல்கள் குறைந்த கைகளாக மாற்றிவிட்டார்கள். பிறவியிலேயே அத்தகைய கைகளோடு பிறந்தவர்கள் தங்கள் கைகளின் படங்களை வெளியிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வார்னர் பிரதர்ஸ் வருத்தம் தெரிவிக்கவேண்டி வந்தது. நம்மிடையே அப்படி ஒரு குரல் பெரிதாக எழவில்லை என்பதற்கு இங்கே யாருக்கும் வலிக்கவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். மாமா போன்றவர்கள் திரையரங்கில் விளக்கு அணைந்த பிறகு உள்ளே வந்து, விளக்கு எரிவதற்கு முன் வெளியே போய்விடுகிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஒரு கதையின் உரிமையை வாங்கும்போது, அதில் எழுத்தாளர் தோற்றத்தை விவரித்திருக்கும் பாத்திரங்களின் லுக் டெஸ்டைப் படப்பிடிப்புக்கு முன் அவருக்குக் காட்டி, அவருடைய கருத்தை எழுத்தில் பெறவேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் இயக்குநரின் உரிமைதான். மறுத்தால் ஏன் என்று ஒரு காரணமாவது எழுதப்பட்டிருக்கட்டும். ஒப்பனைக் கலைஞருக்கும் ஆடை வடிவமைப்பாளருக்கும் 'வில்லன், வயது ஐம்பது' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக மூலக் கதையையே கொடுத்துப் படிக்கச் செய்யுங்கள். திரைக்கதை வாசிப்பில் அவர்களும் உட்காரட்டும்.

தீக்காயம், வெட்டுத் தழும்பு, பார்வை போன கண், வெண்புள்ளி, பிளந்த உதடு ஆகியவற்றைக் கெட்டவனின் அடையாளமாக ஒட்டுவதை நிறுத்துங்கள். ஒரு பாத்திரத்துக்குத் தழும்பு இருந்தே ஆகவேண்டுமானால், அது எப்படி வந்தது என்பதற்குக் கதைக்குள் ஓர் இடம் கொடுங்கள். வில்லனாக்குவதற்காக ஒரு நடிகரின் நிறத்தைக் கறுப்பாக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இதற்கு விளக்கம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. முகத்தில் தழும்புள்ள நடிகர்கள் வாய்ப்புக் கேட்டு வந்தால் அவர்களை அடியாள் வேடத்துக்கு மட்டும் அழைக்காதீர்கள். மருத்துவராக, தமிழாசிரியராக, காதலனின் அண்ணனாக அவர்கள் வரட்டும்.

என் கதையைப் படமாக்கிய நிறுவனத்துக்குத் தனியாக இரண்டு கோரிக்கைகள். அந்தத் தழும்போடு படம் வெளிவருமானால், கதை என்ற இடத்தில் என் பெயர் வேண்டாம், விளம்பரங்களிலிருந்தும் நீக்கிவிடுங்கள். இந்த மாத முடிவுக்குள் இதற்கு எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

மற்றொன்று, என் அப்பாவின் கணக்கு நோட்டைத் திருப்பி அனுப்புங்கள். நீல அட்டை போட்ட நோட்டு. முதுகில் சைக்கிள் ட்யூப் ரப்பர் ஒட்டியிருக்கும். அனுப்புவதற்கு முன் உங்கள் ஒப்பனைக் கலைஞரை அழைத்து அதை ஒருமுறை புரட்டச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகளுக்கான 'வரவு 500' அதில் இருக்கிறது. ஒரு மாதம்கூட எழுத்து கோணவில்லை, மை சிந்தவில்லை.

இப்படிக்கு,
அந்தக் கதையை எழுதியவள்